இரவல் பிள்ளை

அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் என்பார்கள். சனிக்கிழமைக் காலைகளில் அந்தப் பழைய சிமென்ட் கிடங்கின் வாசலைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பழமொழியை யாரும் விளக்க வேண்டியதில்லை. உள்ளே அண்ணன் தம்பி வேலை நடந்தது. வாசலில் அடி வேலை நடந்தது.

உள்ளே நடந்தது நல்ல காரியம்தான், அதில் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஹார்டுவேர் கடை வைத்திருந்த ஓர் அம்மாள், எல்லோருக்கும் கடைக்காரம்மா, தன் காலிக் கிடங்கைத் திறந்துவிட்டு நாலு பேரைச் சேர்த்துக்கொண்டாள். அங்கே இங்கே கேட்டு வாங்கி, அரிசி, மாவு, எண்ணெய், சோப்பு என்று இல்லாத குடும்பங்களுக்குக் கொடுத்தாள். அட்டை கொண்டுவா, சான்று கொண்டுவா என்று ஒருவரையும் கேட்கவில்லை. வாங்குகிறவன் தலைகுனியக் கூடாது என்பது அவள் பிடிவாதம். பால் மாவு டின்னுக்கு மட்டும் ஒரு விதி வைத்திருந்தாள். ஒரு வயதுக்குள் குழந்தை இருந்தால் டின் உண்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து காட்ட வேண்டும். குழந்தை என்ன பொய்யா சொல்லப் போகிறது என்று நினைத்தாள், பாவம். குழந்தை பொய் சொல்லாது, இடுப்பு சொல்லும் என்பது அவளுக்குத் தெரியாது.

பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பதற்கு அந்த வாசல்தான் சாட்சி. ஆரம்பத்தில் ஒருவன் காதை இன்னொருவன் கடித்துத் துப்பினான். ஒரு பெண்ணுக்கு எண்ணெய் டப்பா பட்டு முன்பல் போயிற்று. அதன் பிறகுதான் கடைக்காரம்மா உலக்கையைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினாள்.

உலக்கை என்பது ஊர் வைத்த பெயர். கை இரண்டும் அப்படி. புத்தியும் கொஞ்சம் அப்படித்தான் என்று அவன் மனைவியே சொல்வாள். லாரி ஷெட்டில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவன், அம்மாவை இழுத்து மேஸ்திரி திட்டினான் என்று அவன் தாடையை உடைத்துவிட்டான். அதற்குப் பிறகு எந்த ஷெட்டிலும் வேலை இல்லை. கிடங்கு வாசலில் நின்றால் வீட்டுக்கு அரிசியும் மாவும் கிடைக்கும் என்றாள் கடைக்காரம்மா, நின்றான். வரிசையில் இடித்தவனுக்கு ஒரு தோள், குறுக்கே நுழைந்தவனுக்கு ஓர் அறை, இரண்டாம் தடவை நுழைந்தவனுக்கு எங்கே பட்டது என்று தெரியாத ஒன்று. பேச்சே கிடையாது. தான் செய்வது நியாயம் என்பதில் அவனுக்கு எள்ளளவும் சந்தேகம் இருந்ததில்லை. அடித்தால் வரிசை நேராக நிற்கிறது, வரிசை நேராக நின்றால் கிழவிக்கும் கிடைக்கிறது.

பால் மாவு விஷயத்தில் அவனுக்கும் சலுகை இல்லை. அவன் மனைவி சனிக்கிழமை முதல் ஆளாகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து டின்னை வாங்குவாள். பிறகு பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, காலி பாட்டில் பிரிக்கும் ஷெட்டுக்கு வேலைக்குப் போவாள். அப்படித்தான் அவளும் சொன்னாள், அவனும் நம்பினான். பிள்ளைக்குக் குண்டன் என்று பெயர். வதங்கிப்போன அந்தத் தெருவிலேயே தொடையில் மடிப்பு விழுந்த ஒரே பிள்ளை அவன்தான். யாரைப் பார்த்தாலும் சிரிப்பான். யார் இடுப்பு என்றாலும் ஏறிக்கொள்வான். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு, உலக்கைக்கோ அந்த வாயிலிருந்த இரண்டு பல்லே பொன்.

ஒரு சனிக்கிழமை, வரிசை பாதி நகர்ந்திருந்தபோது, முகம் தெரியாத ஒரு பெண் கவுன் போட்ட குழந்தையோடு கயிற்றைத் தாண்ட வந்தாள். தலையில் காதுவரை இழுத்த ரோஸ் குல்லாய். உலக்கை கயிற்றைத் தூக்கினான். கவுன் போட்ட குழந்தை இரண்டு கையையும் நீட்டி, பொன்னான இரண்டு பல்லையும் காட்டி, அவன் மேல் பாய்ந்தது.

தன் பிள்ளை வேறொருத்தி இடுப்பில் பெண் வேஷத்தில் வருவதைப் பார்த்தால் எந்த அப்பனுக்கும் முதலில் சிரிப்புத்தான் வரும். அவனுக்கும் வாய் கோணிற்று. அடுத்த நொடியே டின் நினைவுக்கு வந்தது. அந்தப் பெண் சுற்றுமுற்றும் பார்த்தாள், பின்னால் இருப்பவர்கள் பார்க்கிறார்களா என்று. பாய்கிற பிள்ளையை அடக்க, கவுனுக்குள் கை விட்டுத் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். குண்டன் வீறிட்டான். உலக்கையின் கை தானாக எழுந்தது. அடித்தால் ஏன் அடித்தான் என்று கேட்பார்கள். கேட்டால் பிள்ளை யாருடையது என்று வரும். முகத்தைத் திருப்பிக்கொண்டு தெருவைப் பார்த்தான். அவள் உள்ளே போனாள்.

எழுந்த கை எழுந்தபடி எவ்வளவு நேரம்தான் நிற்கும்? அவளுக்கு அடுத்து நின்றவன் ஒரு பெயின்டர், நகக்கண்ணெல்லாம் சுண்ணாம்பு அரித்த ஒல்லி மனிதன். வீட்டில் பெண்டாட்டி பிரசவித்துக் கிடக்கிறாள், காய்ச்சலில் பால் வற்றிவிட்டது, டின் கிடைக்குமா என்று அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்க வந்திருந்தான். குழந்தையைக் கொண்டுவர வேண்டும் என்பதுகூட அவனுக்குத் தெரியாது. வாயைத் திறந்தான். பெண்ணுக்கு விழ வேண்டிய அறை அவன் கன்னத்தில் விழுந்தது. சுவரில் மோதி உட்கார்ந்தவன், என்ன தப்பு செய்தோம் என்று விளங்காமல், காதைப் பொத்திக்கொண்டு எழுந்து போய்விட்டான்.

வீட்டுக்கு வந்ததும் உலக்கை கதவைக் காலால் சாத்தினான். மனைவி அடுப்படியில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலைமுடியைப் பிடித்துத் தூக்கினான். அவள் கத்தியை அவன் வயிற்றுக்கு நேரே வைத்தாள். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்கள். மூலையில் குண்டன் கரண்டியால் வாளியைத் தட்டிக்கொண்டிருந்தான். மூடி போட்ட பெரிய வாளி, அதில் பால் மாவு. வேலையிலிருந்து திரும்பும்போது ஷெட்டில் எல்லோரும் பகிர்ந்துகொள்கிற மாவு என்று அவள் சொல்லியிருந்தாள், அதையும் இந்த உலக்கை நம்பியிருந்தான்.

அவள் ஒளிக்கவில்லை. முதலில் ஒருத்தியின் குழந்தைக்கு நெஞ்சில் சளி, மழையில் தூக்கி வர முடியாது, அவளுக்காகக் கொடுத்தாளாம். அடுத்தவளுடைய குழந்தைக்கு ஒரு வயது அப்போதுதான் முடிந்திருந்தது, அவளுக்கும் கொடுத்தாளாம். பிறகு கேட்டவளுக்கெல்லாம், இதுவரை போர்வைக்குள் தூங்கவைத்தே அனுப்பினாளாம். டின்னில் கால் பங்கு இவளுக்கு. தின்றதுபோக மிச்சம் டீக்கடைக்கு, அதில்தான் வீட்டு வாடகை. கடைசியாக வாங்குகிறவள் பிள்ளையைப் பாட்டில் ஷெட்டில் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

"ஒரு வயசு முடிஞ்ச மறுநாளே பசி நின்னுடுமா?" என்றாள். "உன் கைக்கு வேலை குடுத்தாங்க, கூலி குடுத்தாங்களா? அரிசியை வாடகைன்னு எவன் வாங்கிக்குவான்?"

"பிள்ளையைக் கிள்ளுறாடி அவ."

அவள் முகம் ஒரு கணம் மாறியது. அவளை நானே பார்த்துக்கொள்கிறேன் என்றாள். பிறகு கத்தியை இறக்காமலே கேட்டாள்: "நீ என்ன செஞ்சே?"

அவன் வாளிப் பக்கம் பார்த்தான்.

"மூஞ்சியைத் திருப்பிக்கிட்டே, இல்ல? அப்ப நீயும் பங்காளிதான். முடியை விடு."

முடியை விட்டான். ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று சொல்லி அவள் சிரித்தாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றிரவு வாளியைத் தூக்கி எறிய எழுந்தான், வாடகைக்கு வரும் வீட்டுக்காரன் முகம் நினைவுக்கு வந்தது, படுத்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு வந்த சனிக்கிழமைகளில் குண்டன் நீலக் குல்லாயிலும் வந்தான், மொட்டைத் தலையோடும் வந்தான், போர்வைக்குள்ளும் வந்தான். ஒவ்வொரு தடவையும் அப்பனைப் பார்த்துக் கை நீட்டினான். அப்பன் தெருவைப் பார்த்தான். வரிசையில் அடி மட்டும் கூடிக்கொண்டே போயிற்று. முன்பெல்லாம் இடித்தவனை அடித்தவன், இப்போது இருமினவனையும் அடித்தான். கடைக்காரம்மா ஒருநாள் கூப்பிட்டு, இப்படி அடித்தால் நீ வேண்டாம் என்று எச்சரித்தாள். கிள்ளியவளை மனைவி ஷெட்டுக்குப் பின்னால் வைத்துப் பாட்டிலால் கவனித்துவிட்டாள் என்று கேள்விப்பட்டபோது மட்டும் அவனுக்குச் சோறு இறங்கியது.

மழைக்காலம் வந்தது. கட்டட வேலையெல்லாம் நின்றது, நூல் ஆலையையும் பூட்டிவிட்டார்கள். வரிசை கிடங்கைச் சுற்றி, சாலை ஓரத்துக் கால்வாய் வரை நீண்டது. கால்வாயில் தண்ணீர் விளிம்பைத் தொட்டு, செத்த நாயையும் கதவுப் பலகையையும் இழுத்துக்கொண்டு ஓடியது. அந்தச் சனிக்கிழமை, வரவேண்டிய லாரி அரைகுறையாக வந்தது. டின் கொஞ்சம்தான் இருந்தது. அதை வாசலில் சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை.

பெயின்டர் இந்த முறை விவரம் தெரிந்து வந்திருந்தான். கிழிந்த ஜன்னல் திரையில் சுற்றி, குழந்தையை மார்போடு அணைத்திருந்தான். அது அழவில்லை. அழுவதற்கும் தெம்பு வேண்டும் அல்லவா? வாயை மட்டும் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. கயிற்றருகே வந்தபோது அவன் உலக்கையை அண்ணாந்து பார்த்தான், கன்னத்தைச் சற்று ஒதுக்கிக்கொண்டான். உலக்கைக்கு என்னவோ போல் இருந்தது. அவனுக்கு முன்னால் ஒரே ஒருத்தி, பச்சைக் குல்லாய்க் குழந்தையோடு.

அவள் உள்ளே போனாள், டின்னோடு வெளியே வந்தாள். அவள் பின்னாலேயே வந்த கடைக்காரம்மா, கை இரண்டையும் கூப்பி, டின் தீர்ந்துவிட்டது என்றாள். அடுத்த வாரம் முதல் டின் உனக்குத்தான் என்று பெயின்டரிடம் சொன்னாள்.

பெயின்டர் அவள் பேச்சைக் கேட்கவே இல்லை. பச்சைக் குல்லாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் குழந்தை அவனைப் பார்த்துச் சிரித்தது.

"இவன் விடியறப்ப ஒருத்தி இடுப்புல வந்தான். அப்புறம் வேற ஒருத்தி. இப்ப நீ," என்றான். "இந்தக் குண்டன் இன்னும் எத்தனை தடவை வருவான்?"

அவள் உளறினாள். அவன் குல்லாயைப் பிடுங்கினான். வரிசையில் இருந்த பெண்களுக்கு அந்த உருண்டைத் தலை நன்றாகத் தெரிந்தது. சிலருக்கு இரவல் வாங்கியதாலேயே தெரியும், அவர்கள்தான் எல்லோருக்கும் முன்னால் கத்தினார்கள். ஒருத்தி அவள் கூந்தலைப் பிடித்தாள், இன்னொருத்தி முகத்தில் நகத்தை இறக்கினாள். ஒருவன் டின்னை இழுத்தான். அவள் கையில் இருந்தது இரண்டு, ஒன்றை விட்டால்தான் தப்ப முடியும். குழந்தையை விட்டாள். டின்னை மார்போடு இறுக்கிக்கொண்டு ஆட்கள் நடுவே புகுந்து ஓடியே போய்விட்டாள்.

தரையில் விழ இருந்த குண்டனைப் பிடித்தது பெயின்டர்தான். பிடித்த கையோடு தன் குழந்தையைச் சுவரோரம் அடுக்கியிருந்த காலி சாக்குகளின் மேல் வைத்தான். குண்டனை ஒற்றைக் கையால், ஒற்றைக் கையைப் பிடித்து, கோழியைத் தூக்குகிற மாதிரி தூக்கினான். கூட்டம் அவன் பின்னால் திரண்டது. யாரோ கிடங்கு ஷட்டர் மேல் கல்லை எறிந்தார்கள்.

உலக்கை கூட்டத்துக்குள் இறங்கினான். எதிரே வந்தவன் மூக்கு உடைந்தது, ரத்தம் இவன் சட்டையில் தெறித்தது. இன்னொருவன் கை முறிந்து விழுந்தான். ஒரு பெண்ணைக்கூட மிதித்துக்கொண்டுதான் போனான், அது அவனுக்குத் தெரியாது. பெயின்டரை நெருங்கியபோது அவன் கால்வாய் ஓரம் வரை போய்விட்டிருந்தான். குண்டன் தண்ணீருக்கு மேலே தொங்கினான். தோள் பிசகியதோ என்னவோ, அலறிக்கொண்டிருந்தான்.

"கிட்ட வந்தா விட்டுருவேன்," என்றான் பெயின்டர். "இவனைப் பெத்தவன் வரட்டும். எவன்னு நான் பார்க்கணும்."

அந்தக் கைகளால் முடியாதது இந்த உலகத்தில் ஒன்று உண்டு என்பது உலக்கைக்கு அப்போதுதான் தெரிந்தது. ஓர் அடி போதும், பெயின்டர் சுருண்டு விடுவான். பிள்ளையும் தண்ணீரில் போய்விடுவான். சுற்றிலும் பார்த்தான். இத்தனை மாதமாக அவன் அடித்தவர்கள் அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். வாயைத் திறந்தால் என்ன நடக்கும் என்பதைப் புரிந்துகொள்ள பெரிய புத்தி தேவையில்லை, உலக்கையின் புத்தியே போதும்.

"என் பிள்ளை," என்றான்.

தெரிந்த பெண்கள் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை, மற்றவர்கள் நம்பவில்லை. பிள்ளையைப் பிடுங்கத் தந்திரம் செய்கிறான் என்று பெயின்டர் இன்னும் ஓரடி தள்ளிப் பிடித்தான். குண்டன் அப்பன் குரலைக் கேட்டுத் திரும்பி, சும்மா இருந்த இன்னொரு கையை அவனை நோக்கி நீட்டினான். அழுகைக்கு நடுவில் 'ப்பா, ப்பா' என்றான். உலக்கை இந்தத் தடவை முகத்தைத் திருப்பவில்லை. போய்க் கை நீட்டி நின்றான். பெயின்டர் அவனை ஒரு கணம் பார்த்துவிட்டு, பிள்ளையை அவன் மார்பில் எறிந்தான்.

"வேலியே பயிரை மேஞ்சிருக்குடா," என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

ஆனைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கும் ஒரு காலம் வரும். அன்றைக்கு ஊரிலுள்ள பூனையெல்லாம் சேர்ந்து வந்தது. முதல் அடி செங்கல், பிடரியில். திரும்பியவன் வாயில் எண்ணெய் டப்பா, பல் உள்ளே போயிற்று. பிறகு எது யார் அடித்தது என்று கணக்கில்லை. ஷட்டர் இழுக்கும் இரும்புக் கம்பி பெயின்டர் கைக்கு வந்திருந்தது. உலக்கை ஒருவனையும் திருப்பி அடிக்கவில்லை. நல்ல மனம் வந்து அல்ல, இரண்டு கையிலும் பிள்ளை இருந்தான். முழங்கால் மடிந்து சேற்றில் விழுந்தான்.

விழுந்த இடத்திலிருந்து கால்கள்தான் தெரிந்தன. செருப்புக் கால், வெறுங்கால், சேற்றுக் கால். அவற்றுக்கு நடுவே, சாக்குகள் சரிந்து கிடந்த இடத்தில், ஜன்னல் திரை ஒன்று கிடந்தது. ஒருவன் காலில் இடறி அது புரண்டது. அதற்குள் ஒரு வாய் திறந்து மூடியது.

உலக்கை கத்திப் பார்த்தான். உடைந்த வாயிலிருந்து ரத்தம்தான் வந்தது. குண்டனை ஒரு கையில் அணைத்துக்கொண்டு, மறுகை முழங்கையை ஊன்றி ஊர்ந்தான். ஓடப் பார்க்கிறான் என்று அவர்கள் இன்னும் வேகமாக அடித்தார்கள். திரையின் நுனி கைக்கு எட்டியது, இழுத்தான். இரண்டு குழந்தைகளையும் மார்புக்கடியில் போட்டு, முழங்காலிலும் முழங்கையிலும் நின்று முதுகைக் கொடுத்தான். கம்பி விலாவில் இறங்கியது. ஒன்று உடைந்தது, இன்னொன்றும் உடைந்தது. தலைக்கு மேலே பெயின்டர் ஒவ்வோர் அடிக்கும் தன் பிள்ளையின் பாலைச் சொல்லிச் சொல்லி அடித்துக்கொண்டிருந்தான். கீழே அந்தப் பிள்ளை இவன் சட்டைப் பொத்தானைச் சப்பிக்கொண்டிருந்தது.

களைத்த பிறகுதான் பெயின்டர் சுவரோரம் பார்த்தான். சாக்கு இருந்த இடத்தில் சாக்கு இல்லை. அவனிடமிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு அடித்துக்கொண்டிருந்த எல்லோரும் கையை நிறுத்தினார்கள், அது கோபத்தில் வருகிற சத்தமாக இல்லை. கம்பியைப் போட்டுவிட்டுச் சாக்கைப் புரட்டினான், கால்வாயில் இறங்கப் போனான், இரண்டு பேர் அவனைப் பிடித்து இழுத்தார்கள். உலக்கை பேச முடியாமல் ஒரு பக்கம் சாய்ந்து, மார்புக்கடியில் இருந்த திரையைக் காட்டினான்.

பெயின்டர் குழந்தையை எடுத்து, கை கால் ஒவ்வொன்றாகத் தடவினான். முகத்தில் சேறு, நெற்றியில் ஒரு கீறல். உயிர் இருந்தது. ஊருக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து அழுதான். அழுது முடித்து எழுந்தவன் நன்றி சொல்லவில்லை. கீழே கிடந்தவனைக் காலால் ஓர் உதை உதைத்தான். சாப்பிடாதவன் உதையில் என்ன பலம் இருக்கும்? ஆனாலும் அன்றைக்கு வாங்கியதில் அந்த ஓர் உதைதான் சரியான விலாசத்துக்கு வந்தது என்று உலக்கைக்குத் தோன்றியது.

"வீட்ல வாளி நிறைய மாவு இருக்கு," என்றான், பல்லைத் துப்பிவிட்டு. "வா."

கூட்டம் அதற்குள் கிடங்குக்குள் புகுந்து, கையில் கிடைத்த மூட்டையைத் தூக்கிக்கொண்டிருந்தது. கடைக்காரம்மா ஓரமாக நின்று, வேண்டாம் என்றும் சொல்லாமல், எடுங்கள் என்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். உலக்கையைத் தூக்க யாரும் வரவில்லை. குண்டனை ஒரு தோளில் போட்டுக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தான். பெயின்டர் அவனைத் தொடாமல், முந்தாமல், பின்னாலேயே வந்தான். சந்து முனையில் பொறுமை இழந்து, எந்த வீடு என்று கேட்டுவிட்டு, குழந்தையோடு முன்னால் ஓடினான்.

உலக்கை வாசலுக்கு வந்து சேர்ந்தபோது மனைவி ஷெட்டிலிருந்து வந்துவிட்டிருந்தாள். யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். அடுப்பில் தண்ணீர் கொதித்து இறங்கியிருந்தது. பெயின்டர் குழந்தை அவள் மடியில் கிடந்தது, வீட்டில் இருந்த ஒரே பால் புட்டி அதன் வாயில் இருந்தது. குடித்தது, கக்கியது, மறுபடி குடித்தது. பெயின்டர் சுவரில் சாய்ந்து, அதன் தொண்டை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் நிமிர்ந்து கணவனின் முகத்தைப் பார்த்தாள். முகம் என்று சொல்ல அங்கே பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. எழப் போனாள், புட்டி குழந்தையின் வாயிலிருந்து நழுவப் பார்த்தது, உட்கார்ந்துவிட்டாள்.

புட்டியைப் பார்த்ததும் குண்டனுக்கு வலியெல்லாம் மறந்து பசி வந்துவிட்டது. அது என்னுடையது என்கிற மாதிரி கத்தினான். கையை நீட்டினான், துள்ளினான், எம்பினான். பிறந்ததிலிருந்து கேட்டது கிடைக்காமல் வளர்ந்த பிள்ளை அல்ல அவன்.

"அவனைப் பிடிச்சுக்க," என்றாள் அவள். "முதல்ல இது குடிக்கட்டும்."

உலக்கை வாசற்படியில் உட்கார்ந்து பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். குண்டன் ஆத்திரம் தாங்காமல் இரண்டு காலாலும் உடைந்த விலாவிலேயே உதைத்தான். ஒவ்வோர் உதைக்கும் கண் இருட்டிக்கொண்டு வந்தது. உள்ளே புட்டி காலியாகும்வரை அவன் பிடியை விடவில்லை.